ஆபத்து ஒரு விலையாகுமா? – தீவு மான்வேட்டை குறித்த ஓர் அறவியல் நோக்கு

வேட்டையைப் பழிப்போருக்கும் போற்றுவோருக்கும் இடையே நெடுங்காலமாக நடைபெற்றுவரும் வாதத்தில், போற்றுவோர் தரப்பிலிருந்து அடிக்கடி எழும் நியாயம் ஒன்றுண்டு. நாங்கள் இதனை மலிவாகப் பெறவில்லை என்பதே அது. இறைச்சிக் கடையிலே காசு கொடுத்து ஊன் வாங்குபவன் எவ்வித இடரையும் ஏற்பதில்லை. கொலை அவன் கண்ணுக்கு அப்பால், பிறர் கையால் நிகழ்ந்துவிடுகின்றது. வேட்டைக்காரனோ குளிரையும் களைப்பையும் உயிராபத்தையும் தானே தாங்குகின்றான். ஆகவே, தான் எடுக்கும் உயிருக்கு அவன் ஒரு வகையில் விலை செலுத்திவிட்டான் என வாதிக்கப்படுகின்றது. இந்நியாயம் எத்துணைத் தூரம் செல்லத்தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நியாயத்தை ஆராய்வதாயின் அதனை அதன் வலிமை மிக்க வடிவிலே சந்தித்தல் முறை. பூங்காவிற்குள்ளே வாகனத்தில் அமர்ந்து சுடுபவனை எடுத்துக்கொண்டு வேட்டையைக் கண்டிப்பது எளிது. அதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை. படகேறிக் கடல் கடந்து தீவுகளுக்குச் சென்று மான் வேட்டையாடும் தென்கிழக்கு அலாஸ்காவின் மக்களை எடுத்துக்கொண்டால் வாதம் உண்மையான சோதனைக்கு உள்ளாகும்.

அலாஸ்காவின் இப்பகுதி பனியாறுகள் குடைந்த ஆழமான நீரிணைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளும் கொண்டது. மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து தரைவழியாகச் செல்லும் வீதி கிடையாது. நகருக்குத் தென்மேற்கே, ஸ்டீவன்ஸ் நீரிணைக்கு அப்பால், அட்மிரால்டித் தீவு கிடக்கின்றது. அதற்கு மேற்கே சிச்சாகோவ், பாரனோவ் என்னும் தீவுகள். இம்மூன்றிலும் ஓநாய்கள் இல்லை. சிற்கா கருவால் மான் இங்கு பெருந்தொகையாக வாழ்கின்றது. உருவத்தில் அது பெரியதன்று. இலையுதிர்காலத்திலே கொழுத்திருக்கும் வேளையில் ஆண்மான் ஏறத்தாழ 55 கிலோகிராமும் பெண்மான் 35 கிலோகிராமும் நிறையிருக்கும். வேட்டைப் பருவம் ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கி ஆண்டிறுதி வரை நீள்வது. ஆயினும் நவம்பர் மாதமே பலரும் விரும்பும் காலம். மான்களின் இணைவிழைச்சுப் பருவம் அது. ஆண்மான்கள் எச்சரிக்கை குன்றித் திரியும். அலாஸ்கா வளைகுடாவிலிருந்து புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும், பகற்பொழுது ஏழு மணித்தியாலமாகச் சுருங்குவதும் அதே நவம்பரிலேதான்.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஐந்தாறு மீற்றர் நீளமான திறந்த அலுமினியப் படகுகளிலே பலர் இக்கடலைக் கடக்கின்றனர். நமது கரைகளில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆதலால் அங்குள்ள கடலின் இயல்பை நாம் மனத்திற் கொள்வது சற்றுக் கடினம். ஜூனோவை அண்டிய நீரிலே பெருவற்றுக்கும் பெருவெள்ளத்துக்கும் இடையேயுள்ள உயரம் ஆறு மீற்றரையும் கடக்கும் நாள்கள் உள. இத்துணை நீரும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒடுங்கிய கால்வாய்களினூடாக உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். பாரனோவ், சிச்சாகோவ் தீவுகளுக்கிடையேயுள்ள பெரில் நீரிணையில், செர்ஜியஸ் ஒடுக்கம் என்னுமிடத்தில், நீரோட்டம் மணிக்கு ஏழெட்டுக் கடல்மைல் வேகத்தை அடைவதுண்டு. நீர் திரும்பும் அந்தச் சிறு அமைதிப் பொழுதுக்காகக் காத்திருந்தே படகோட்டிகள் அதனைக் கடப்பர். காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த்திசையிலும் செல்லுமாயின் அலைகள் குறுகிச் செங்குத்தாகி எழும். சிறுபடகுக்கு அதுவே கூற்று. நீரின் குளிரோ, விழுந்தவனைக் கரை சேருமுன்னரே செயலிழக்கச் செய்துவிடும்.

பெரில் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆபத்து என்பது பொருள். அந்நீரிணைக்கு அப்பெயர் வந்தமைக்கு நீரோட்டம் காரணமன்று. 1799 ஆம் ஆண்டிலே, ருஷ்யக் கம்பெனிக்காகக் கடல்நீர்நாய் வேட்டையாடிய பூர்வகுடி மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், அக்கரையிற் பொறுக்கிய மட்டியை உண்டு நஞ்சேறி மாண்டனர். வேட்டைக்கு வந்தவரைக் கொன்றது அலையுமன்று, விலங்குமன்று. அவர்கள் பசிக்கு எடுத்த உணவே. ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஏற்றுக்கொண்டோம் என்று கூறுபவர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது.

கரையடைந்த பின்னரும் கடல் வேட்டைக்காரனை விட்டுவிடுவதில்லை. படகைக் கரையோடு கட்டிவிட்டுக் காட்டிற்குட் சென்றால், திரும்பும்போது நீர் வற்றி, படகு நூறு மீற்றர் அப்பால் கற்களின்மேற் கிடக்கும். அல்லது நீர் பெருகி, கட்டவிழ்ந்து அகன்றிருக்கும். ஆகவே கரையிலிருந்து இழுக்கக்கூடியவாறு கயிறமைத்து ஆழநீரில் நங்கூரமிட வேண்டும். காட்டிலே நடக்கும் ஒவ்வொரு கணமும் மனத்தின் ஒரு பாதி நீர்மட்டத்திலேயே நிற்கும். அட்மிரால்டித் தீவில் ஏறத்தாழ ஒரு சதுரமைலுக்கு ஒன்றென்ற அளவிலே பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. மான் வீழ்ந்த இடத்தை அவை நாடி வருவதுண்டு. பண்டைத் தமிழர் வேட்டையைக் குறிஞ்சிக்கும் கடலை நெய்தலுக்கும் பகுத்து வைத்தனர். அங்கோ மலையின் அடிவாரத்தையே அலை நனைக்கின்றது; திணைகள் இரண்டும் ஒரே நாளில், ஒரே மனிதனின் உடலிலே சந்திக்கின்றன.

இத்துணை இடரையும் கண்டபின், அம்மனிதன் தன் மானுக்கு விலை கொடுக்கவில்லை என்று கூற நமக்கு நாவெழாது. தத்துவ மரபிலும் அவனுக்குத் துணை உண்டு. பிளேட்டோ தமது ‘சட்டங்கள்’ என்ற நூலின் ஏழாம் பகுதியிலே வேட்டையைத் தரம் பிரிக்கின்றார். தூண்டிலும் வலையும் கொண்டு கடலிற் செய்யும் வேட்டையையும், இரவில் வலை விரித்துக் காத்திருக்கும் வேட்டையையும் அவர் விரும்பவில்லை. குதிரை, நாய், தன் உடல் என்பவற்றின் உழைப்பாலே நாற்கால் விலங்கைத் தொடர்ந்து வெல்லும் வேட்டையை மட்டுமே இளைஞருக்கு உகந்ததாகக் கொண்டார். அவருடைய அளவுகோல், செயல் வேட்டையாடுபவனை எத்தகையவனாக ஆக்குகின்றது என்பதே. கடலைச் சோம்பேறிகளின் களமாக எண்ணிய அப்பெருமகன் நவம்பர் மாதத்து ஸ்டீவன்ஸ் நீரிணையைக் கண்டிருப்பாராயின் தம் தரவரிசையை மாற்றியிருப்பார் போலும்.

ஆனால் பிளேட்டோவின் வாதம் வேட்டைக்காரனின் குணநலனைப் பற்றியது; மானைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. ஒரு செயல் என்னை வீரனாக்குகின்றது என்பதனால் அச்செயலுக்கு உள்ளாகுபவனுக்கு அது நீதியாகிவிடுவதில்லை. போரும் வீரரை ஆக்குகின்றது, கொள்ளையும் ஆக்குகின்றது.

1689 இல் வெளிவந்த ஜோன் லொக்கின் ‘அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வு’ இதனினும் நெருங்கிய துணையாகும். உழைப்பே உடைமைக்கு மூலம் என்று நிறுவ முற்பட்ட லொக் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, அமெரிக்கப் பூர்வகுடி ஒருவன் கொன்ற மான் என்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. முன்பு யாவர்க்கும் பொதுவாயிருந்த அம்மான், தன் உழைப்பை அதன்மேற் செலவிட்டவனுக்கு உரியதாகின்றது என்பது அவர் துணிபு. இதனை மறுப்பது கடினம். படகிலே கிடக்கும் மானை, துறைமுகத்திற் சும்மா நின்றவன் வந்து எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் இவ்வுரிமை யாருக்கு எதிரானது என்று கேட்டல் வேண்டும். அது பிற மனிதருக்கு எதிரான உரிமை. மான் எனக்கா உனக்கா என்ற வழக்கிலே உழைப்பு தீர்ப்பளிக்கும். மான் எனக்கா மானுக்கா என்ற வழக்கு லொக்கின் மன்றில் எடுக்கப்படவேயில்லை. ஆபத்து பற்றிய வாதம் இவ்விரு வழக்குகளையும் ஒன்றாக்கிவிடுகின்றது. மனிதரிடையே செல்லுபடியாகும் நாணயத்தை, அதனை ஏற்க இயலாத ஒருவரிடம் நீட்டுவது போன்றது இது.

விலை என்ற சொல்லிலேயே குழப்பம் அடங்கியிருக்கின்றது. விலை என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது. நீரிணையிலே நான் நடுங்கிய நடுக்கம் யார் கைக்குச் சென்றது? மானுக்கு அதனால் ஓர் இம்மியும் கிட்டவில்லை. நான் கடலிற்பட்ட ஆபத்து மானால் விளைந்ததுமன்று. மானின் பொருட்டு ஏற்றதுமன்று. வெளிப்படையாகக் கூறின், ஆபத்திற் பாதியை நான் கூடக் கொடுக்கவில்லை. வீட்டிற் காத்திருக்கும் என் குடும்பத்தாரும், என்னைத் தேடிப் புயலிற் புறப்படும் மீட்புப் பணியாளரும் கொடுக்கின்றனர்.

உயிருக்கு விலை செலுத்துதல் என்றால் என்ன என்பதை அத்தீவின் மக்களே நமக்குக் காட்டியுள்ளனர். அட்மிரால்டித் தீவிலுள்ள அங்கூன் என்னும் ஊர் திலிங்கித் மக்களுடையது. 1882 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, வணிகக் கம்பெனி ஒன்றின் திமிங்கில வேட்டைப் படகில் வேலை செய்த அவ்வூர்ப் பூசாரி ஒருவர் வெடிஈட்டி வெடித்ததனால் இறந்தார். தம் மரபுச் சட்டத்தின்படி, அவ்வுயிருக்கு ஈடாக இருநூறு கம்பளிப் போர்வைகளை ஊரார் கேட்டனர். இழப்புச் செய்தவன் இழந்தவரின் உறவினர்க்குக் கொடுப்பது அது. விலை என்ற சொல்லுக்கு அங்கே முழுப்பொருளும் உண்டு. அமெரிக்கக் கடற்படை அக்கோரிக்கையைக் கலகமென்று கொண்டது. ஊரார் மீது இரு மடங்காக நானூறு போர்வைகளைத் தண்டம் விதித்தது. அவை முழுமையாக வந்து சேராமையால் ஒக்டோபர் 26 ஆம் திகதி ஊரைப் பீரங்கியாற் சுட்டு எரித்தது. ஆறு குழந்தைகள் புகையில் மாண்டனர். குளிர்காலத்திற்கெனச் சேமித்த உணவும் ஏறத்தாழ நாற்பது தோணிகளும் அழிக்கப்பட்டன. அன்று ஊரில் இல்லாமையாற் தப்பிய ஒரு தோணியைக் கொண்டே மக்கள் அக்குளிர்காலத்தைத் தாண்டினர் என்பது அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் கூறிவரும் வரலாறு. 1973 இல் அழிந்த உடைமைகளுக்காக 90,000 டொலர் ஈடு வழங்கப்பட்டது. கடற்படையின் மன்னிப்புரை அங்கூனிலே கூறப்பட்டதோ 2024 ஒக்டோபர் 26 ஆம் திகதி, நிகழ்ச்சி நடந்து 142 ஆண்டுகள் சென்ற பின்னர்.

இவ்வரலாற்றை இங்கு கூறியது இரக்கம் தேடியன்று. ஒரே நீரிணையை ஒரே காற்றிலே கடக்கும் இரு படகுகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றில், தோணியை இழந்தால் குளிர்காலத்தையே இழக்கும் ஊரைச் சேர்ந்தவன் இருக்கின்றான். மற்றதில், விடுமுறையைக் கழிக்க வந்த நகரவாசி. அலை இருவரையும் ஒன்றாகவே அடிக்கின்றது. ஆபத்தே உரிமைக்கு மூலமாயின் இருவர் உரிமையும் சமமாதல் வேண்டும். ஆனால் நம் மனச்சாட்சி அவ்வாறு கருதுவதில்லை, சட்டமும் கருதவில்லை. 1980 இல் இயற்றப்பட்ட அலாஸ்கா நிலங்கள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம், கூட்டாட்சி நிலங்களிலே கிராமவாசிகளின் பிழைப்புக்கான வேட்டைக்கு முதலிடம் அளித்தது. அம்முன்னுரிமை தம் அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு முரணானதென 1989 இல் மாநில உயர்நீதிமன்றம் தீர்த்தமையால், இன்று ஒரே மான் நிற்கும் நிலத்தைப் பொறுத்து இரு வேறு ஆட்சிகளுக்கு உட்படுகின்றது. அவ்வழக்கில் எப்பக்கம் நியாயம் என்பது வேறு ஆராய்ச்சி. இரு தரப்பாரும் தேவையைப் பற்றியும் சமத்துவத்தைப் பற்றியுமே வாதிட்டனர் என்பதே இங்கு வேண்டுவது. அலையின் உயரத்தை எவரும் சான்றாகக் காட்டவில்லை.

கடலின் ஆபத்துக்கு வேட்டையின் அறத்திலே எவ்விடமும் இல்லையா? உண்டு என்றே நான் கருதுகின்றேன். ஆனால் அது வேறோரிடம். ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்ட்டேகா இ கசெற் 1942 இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையிலே, வேட்டையின் சாரம் வேட்டைக்காரன் தன் ஆற்றலைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வதில் உள்ளது எனக் காட்டினார். விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இல்லாதவிடத்து நிகழ்வது அழித்தலே, வேட்டையன்று. அலாஸ்காவின் விதிகளிலும் இவ்வெண்ணம் படிந்துள்ளது. இயந்திரத்தின் உந்தலால் ஓடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து சுடலாகாது. நீரில் நீந்தும் மானையும் கொல்லலாகாது. இப்பிந்திய விதி என் சிந்தனையை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது. இம்மான்கள் நன்கு நீந்துவன. தீவுவிட்டுத் தீவு செல்ல நீரிணைகளைக் கடக்கும். நடுக்கடலிலே படகும் மானும் சந்திப்பது அரிதன்று. ஆபத்தை விலையாகக் கொள்ளும் வாதத்தின்படி, வேட்டைக்காரன் விலையை மிகுதியாகச் செலுத்திக்கொண்டிருக்கும் இடம் அதுவே. அங்கேதான் விதி அவன் கையைத் தடுக்கின்றது. இருவருக்கும் கால் ஊன்ற நிலமில்லாத இடம் அது. ஆனால் ஒருவனிடம் மட்டும் துப்பாக்கி உண்டு.

ஆகவே கடல் வேட்டைக்காரனுக்குக் கொடுப்பது உரிமையன்று, எல்லையறிவு. அதனை ஏய்க்க முடியாது. மானை ஏய்க்கலாம், குட்டியின் அழுகுரலைப் போலி செய்யும் ஊதியினால் தாய்மானை வெளியே வரச்செய்யும் வழக்கம் அங்கு பழமையானது. கடலிலே நேர்மையான போராட்டம் நடத்தினோம் எனப் பெருமிதம் கொள்பவர், காட்டிலே தாயன்பைத் தூண்டிலாக்கியதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வற்றுநீரின் நேரத்தையோ, மாலையில் எழும் காற்றையோ எந்த ஊதியாலும் அழைக்கவோ அனுப்பவோ இயலாது.

இவ்வெல்லையறிவு மானுக்கும் கடமையாக மாறும் இடம் ஒன்றுண்டு. கொன்ற விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவருவது அலாஸ்காவிலே குற்றமாகும். மாலையில் மான் வீழ்ந்துவிட்டது; காற்று எழுகின்றது; படகிலே முன்னரே மூன்று மான்கள். நான்காவதை ஏற்றினால் படகு தாழும். விட்டுச் சென்றால் உயிரொன்று வீணாகும். இரவு தங்கினால் கரடியும் குளிரும். இதனைக் கடமைகளின் முரண்பாடு என்று மெய்யியல் வகுப்பிலே விவாதிக்கலாம். உண்மையில் அங்கு தீர்ப்பதற்கு அதிகம் இல்லை. எவனும் தன்னுயிரைக் காத்துக்கொள்ளவே செய்வான், செய்யவும் வேண்டும். தவறு அந்நேரத்திலே நிகழவில்லை. துப்பாக்கியை உயர்த்தும்போது வானத்தையும் நீரையும் பாராதிருந்த அந்நொடியிலே நிகழ்ந்தது. கடலறிந்தவன் சுடுமுன்னரே திரும்பும் பயணத்தை எண்ணுகின்றான். கொண்டுசெல்ல முடியாததைக் கொல்லாது விடுகின்றான். மானின் பக்கமிருந்து நோக்கினால், கடலின் ஆபத்து அதற்கு ஏதேனும் கொடுத்ததாயின் இந்தச் சுடாமையைத்தான் கொடுத்தது. வெறும் படகோடு திரும்பியவன் பட்ட இடரும் நிறைந்த படகோடு திரும்பியவன் பட்ட இடரும் ஒன்றே. இடரை விலையாகக் கருதுபவன் மட்டுமே வெறும் படகைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக உணர்வான். அவ்வுணர்வே அவனைக் கடைசி ஒளியில், தூரம் பாராமற் சுடவும் தூண்டும்.

இனி, ஆபத்து சற்றும் இல்லாத கொலை நியாயமாகும் இடமும் உண்டா என்று பார்த்தல் தகும். அலாஸ்காவுக்குத் தெற்கே, கனடாவின் கரைக்கப்பால் ஹைடா க்வாய் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கு இம்மான் இயற்கையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் உணவுக்கென மனிதர் கப்பலிற் கொணர்ந்து விட்டனர். ஓநாயும் இல்லாத அத்தீவுகளில் மான் பெருகி, காட்டின் கீழ்த்தளச் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தது. செந்நிறத் தேவதாருவின் கன்றுகள் தலையெடுக்கவில்லை. புதர்களை நம்பிய பறவைகள் குறைந்தன. அம்மரமோ ஹைடா மக்களின் தோணிக்கும் வீட்டுக்கும் கம்பத்துக்கும் மூலப்பொருள். 2017 ஆம் ஆண்டு, ஹைடா தேசத்தாரும் கனடாவின் தேசியப் பூங்கா நிருவாகமும் இணைந்து சில தீவுகளிலிருந்து மானை முற்றாக அகற்றும் பணியை மேற்கொண்டனர். பயிற்சி பெற்றோர், படகு, ஹெலிகொப்டர், நாய் என்பன அதிற் பயன்பட்டன. ஒர்ட்டேகாவின் வரைவிலக்கணத்தின்படி அது வேட்டையே அன்று. தப்பும் வாய்ப்பை விலங்குக்கு அளிப்பது அங்கு பணியின் தோல்வியாகும்.

அச்செயல் நீதியா? மான் குற்றமற்றது, அழைக்கப்பட்டு வந்த விருந்தினர். பிழை மனிதனுடையது; தண்டனை மானுக்கு. இது உறுத்தாமற் போகாது. ஆயினும் காட்டையும் பறவைகளையும் ஒரு மக்களின் வாழ்வாதாரத்தையும் எண்ணுமிடத்து, அதற்குச் சொல்லக்கூடிய நியாயம் நவம்பர் நீரிணையைத் துணிந்து கடந்த பொழுதுபோக்கு வேட்டைக்காரனின் நியாயத்தினும் கனமுடையது என்றே எனக்குத் தோன்றுகின்றது. அங்கே எவரும் தம் துணிவைச் சான்றாகக் காட்டவில்லை. கொலைக்கு நியாயம் உண்டாயின் அது பசியிலோ, பிறவுயிர்களின் நலத்திலோ தேடப்படவேண்டியது. கொல்பவன் பட்ட பாட்டிலே தேடப்படுவதன்று. அலாஸ்காவின் கொடியாக் தீவுக் கூட்டத்திலும் 1924 தொடங்கி 1934 வரையில் கொணர்ந்து விடப்பட்ட ஏறத்தாழ இருபத்தைந்து மான்களின் வழிவந்தவையே இன்று வேட்டையாடப்படுகின்றன. படகேறி அங்கு செல்பவன் தேடும் காட்டுமானும் ஒரு காலத்திற் படகேறி வந்ததே.

திலிங்கித் மொழியிலே மானுக்குக் குவக்கான் என்று பெயர். பகைகொண்ட இரு குலங்கள் அமைதி செய்யும் சடங்கிலே, ஒவ்வொரு பக்கத்தாரும் எதிர்ப்பக்கத்தாரிற் சிலரைத் தம்மிடம் கொண்டுவந்து மிகுந்த மதிப்போடு பேணுவது பழைய முறை. அவ்வாறு பேணப்படுபவருக்கும் குவக்கான் என்பதே பெயர். மான் சாதுவானது, எவரையும் தாக்காதது என்பதனால் அப்பெயர் வந்தது என்பர். மானை உண்டு வாழ்ந்த மக்கள், எவரும் கைவைக்கலாகாத மனிதருக்கு மானின் பெயரை இட்டிருக்கின்றனர். இதனை வெறும் முரண்பாடென ஒதுக்க எனக்கு மனமில்லை. நவம்பர் மாதத்து விடியலிலே அங்கூனிலிருந்து படகை நீரில் இறக்குபவனுக்கு, தான் தேடிச் செல்லும் விலங்கின் பெயரும் தன் முன்னோரின் பகையைத் தீர்த்து வைத்தவரின் பெயரும் ஒன்றே.